மேஸ்திரியின் காது

குரல்திரை வந்த வருடம் ஜெசிந்தாவுக்குப் பதினாறு வயது. அதைக் கண்டுபிடித்தவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று அவள் மனதார நினைத்தாள்.

தூத்துக்குடியில் அவள் தெருப் பெண்களில் 'நாவாய்' ஆடியவள் அவள் ஒருத்திதான். இணையத்தில் ஐந்து ஐந்து பேராக அணி சேர்ந்து கப்பல்களை நடத்திச் சண்டை போடுகிற ஆட்டம் அது. முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். பெண்குரல் என்று தெரிந்த மாத்திரத்தில் ஆரம்பித்துவிடுவார்கள். "பாப்பா, வழி தவறி வந்துட்டியா?" என்பதுதான் அதில் ஆகச் சாதுவானது. மற்றதையெல்லாம் அவள் வீட்டில் சொன்னதில்லை. சொன்னால், அதை ஏன் ஆடுகிறாய் என்பார்கள். வாயைத் திறக்காமல் ஆடிப் பார்த்தாள். இடப்பக்கம் எதிரி வருகிறான் என்று சொல்லாமல் ஓர் அணியை எப்படி நடத்துவது?

அப்போதுதான் ஆட்டத்தை நடத்திய நிறுவனம் குரல்திரையைக் கொண்டுவந்தது. ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் பேசினால், மறுமுனையில் அது ஒரு வாலிபனின் குரலாகக் கேட்கும். அவசரம், மூச்சு வாங்கல், கோபம் எல்லாம் பேசியவளுடையது. குரல் மட்டும் வேறு. பெண்களின் பாதுகாப்புக்காக என்று விளம்பரம் செய்தார்கள். அதில் பொய் இல்லை. அழுத்திய அன்றே வசவு நின்றுபோனது. ஜெசிந்தா திரும்பு என்றால் திரும்பினார்கள். நிறுத்து என்றால் நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் 'சுறா' என்ற அவளுடைய ஆட்டப் பெயரைப் பார்த்ததும் எதிரணியினர் வேறு களத்துக்கு ஓடத் தொடங்கினார்கள். சுறா ஒரு பெண் என்பது யாருக்கும் தெரியாது.

ஆடிய பெண்கள் எல்லாருமே அதை அழுத்திக்கொண்டார்கள். ஊர் ஊராக, நாடு நாடாக. சீக்கிரத்தில் ஆட்டங்களில் பெண்குரல் என்பதே கேட்காமல் போனது. அதனால் எதுவும் குறைந்துவிட்டதாக யாருக்கும் தோன்றவில்லை.

சில வருடங்கள் கழித்து ஆட்டத்துக்கும் வேலைக்கும் இடையே இருந்த கோடு அழியத் தொடங்கியது. கிரேன்களையும் லாரிகளையும் குளிரூட்டிய அறைகளில் உட்கார்ந்து திரையைப் பார்த்தே ஓட்டினார்கள். ஐந்து பேராகச் சேர்ந்து ஆடிப் பழகிய கைகளை நிறுவனங்கள் தேடிப் பிடித்தன. தூத்துக்குடியில் கடலோரம் ஒரு தனியார் முனையம் புதிதாக வந்திருந்தது. கப்பலில் வரும் கண்டெய்னர்களை இறக்கி அடுக்குகிற இடம். சுறாவின் ஆட்டப் பதிவுகளைப் பார்த்து அங்கே ஜெசிந்தாவுக்கு வேலை கொடுத்தார்கள். நேர்காணலில் இருந்தவர் அவளைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறி, "சுறா... நீங்களா?" என்று கேட்டார். அது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கண்ட்ரோல் ரூமில் ஒரு இயந்திர மூளை இருந்தது. அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. எல்லாரும் மேஸ்திரி என்றார்கள். அறையில் இருப்பவர்களும் யார்டில் நிற்பவர்களும் ஹெட்செட்டில் பேசுவதை எல்லாம் அது கேட்டுக்கொண்டே இருக்கும். எது வெறும் பேச்சு, எது கட்டளை, யார் சொன்னதற்கு எந்தக் கிரேன் உடனே அசைய வேண்டும் என்று அதுவே பிரித்து அனுப்பும். கைவிசைகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். விரல் போய் விசையைத் தொடுவதைவிட வாய்ச்சொல் வேகம் என்றார்கள். குரலை மாற்றிக்கொண்டு வேலை பார்க்கக் கூடாது என்பது அன்றைய விதி. ஆகவே ஜெசிந்தா பல வருடங்களுக்குப் பிறகு தன் சொந்தக் குரலில் கட்டளை கொடுத்தாள்.

மேஸ்திரி அதைக் கேட்டது. ஆனால் கொஞ்சம் தாமதமாக.

"சார், எனக்கு மட்டும் ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ சொல்ல வேண்டியிருக்கு" என்று மேலாளர் செல்வினிடம் சொன்னாள்.

"பதட்டப்படாம, நிறுத்தி நிதானமாச் சொல்லும்மா. எல்லாருக்கும் ஒரே மெஷின்தான."

அவள் நிதானமாகச் சொன்னாள். தொண்டையைக் கனக்க வைத்துச் சொன்னாள். அதுவும் சரிப்படாதபோது பக்கத்து நாற்காலி ரீகனிடம், "ரீகன், மூணாம் கிரேன நிப்பாட்டச் சொல்லேன்" என்பாள். அவன் சொன்னதும் நிற்கும். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். அவள் வீட்டுக்காரரிடம்கூட இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

லூர்து ராயனை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கோயில் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருந்தவர். யார்டில் கண்டெய்னர்களின் மூலைப் பூட்டுகளைக் கழற்றுவது அவர் வேலை. காலையில் ஹெட்செட்டை மாட்டியதும், அவள் அப்பாவின் குடும்பப் பெயரைச் சொல்லி, "மோத்தா மவளே, மேல ஏசி போட்டாச்சா? எங்களுக்கும் ரெண்டு வாளி கீழ ஊத்து" என்பார்.

ஒருநாள் மத்தியானம் தென்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. லூர்து கையிலிருந்து ஒரு பூட்டு நழுவி, கண்டெய்னர் பெட்டி இறங்க வேண்டிய இடத்துக்கு உருண்டது. எடுக்கக் குனிந்தார். மேலே பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. ஆள் நிற்பதைக் காட்ட வேண்டிய உணர்கருவியைத் தூசு மறைத்திருந்தது. ஜெசிந்தா திரையில் அவருடைய மஞ்சள் தொப்பியைப் பார்த்தாள்.

"நிறுத்து" என்றாள்.

பெட்டி இறங்கியது.

"நிறுத்து! நிறுத்து!"

ரீகன் வேறொரு கப்பலின் ஆளோடு பேசிக்கொண்டிருந்தான். அவள் கத்தலில் திரும்பி, திரையைப் பார்த்து, "ஐயோ நிறுத்து" என்றான். யார்டில் இருந்த எல்லாக் கிரேன்களும் அந்த நொடியே நின்றன. மூன்றாம் கிரேன், ஏழாம் கிரேன், ஒரு சம்பந்தமும் இல்லாமல் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த லாரிகள்கூட நின்றன. அவ்வளவு கீழ்ப்படிதல். மஞ்சள் தொப்பி மட்டும் திரையில் இல்லை.

விசாரணை நடந்தது. கட்டளை தெளிவாக வந்து சேரவில்லை என்று மேஸ்திரியின் பதிவு சொன்னது. ரீகன் போய், "அவ சொன்னா சார், எங் காதால கேட்டேன்" என்றான். மனிதக் காது சாட்சியாகாது, பதற்றத்தில் எது முதலில் கேட்டது என்று யாருக்கும் சரியாக நினைவிருக்காது என்றார்கள். இயக்குபவரின் கவனக்குறைவு என்று முடிவானது. ஜெசிந்தாவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் லூர்துவின் மனைவி கிளாரா வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நீ சொன்னியா, சொல்லலியா?"

"சொன்னேன் சித்தி. கத்துனேன்."

"பின்ன ஏன் நிக்கல?"

கிளாரா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று சொல்லாமலே போய்விட்டாள். அந்தக் கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஜெசிந்தா சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும், பின்ன ஏன் நிக்கல, பின்ன ஏன் நிக்கல என்று தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்காத ஆளில்லை. கடைசியில் ரீகன்தான் காயல்பட்டினத்தில் ஹசீனா என்று ஒருவர் இருப்பதாகச் சொன்னான். மேஸ்திரியைச் செய்த நிறுவனத்தில் முன்பு ஒலிப்பதிவுப் பிரிவில் இருந்தவர். கணினித் துறைப் பெண்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஏதோ சங்கம் நடத்துகிறார் என்றான்.

ஹசீனா முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தன் கணினியைத் திறந்தார்.

"மேஸ்திரிக்கு யார் பேசக் கத்துக்கொடுத்தான்னு தெரியுமா? ஒங்க ஆட்டம்தான். லட்சக்கணக்கான ஆளுங்க அணி சேந்து பேசுன பேச்சு. யார் என்ன சொன்னா, மத்தவங்க என்ன செஞ்சாங்க, எல்லாம் அதுல இருக்கு. கட்டளைன்னா என்னான்னு அதக் கேட்டுத்தான் அது கத்துக்கிட்டிச்சு."

"அப்ப என் சத்தம் அதுக்குக் கேக்கலியாக்கா?"

"கேட்டிச்சு. நல்லாவே கேட்டிச்சு. இதக் கொஞ்சம் கேளு."

ஒரு பழைய பதிவை ஓடவிட்டார். குரல்திரை வருவதற்கு முந்தியது. ஒரு சின்னப் பெண்ணின் குரல், "நில்லுங்க, அங்க போகாதீங்க, நில்லுங்கன்னா" என்றது. நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவன் அவளைப் போலவே கீச்சுக் குரலில் சொல்லிக் காட்டினான். கப்பல் போய்க்கொண்டே இருந்தது. ஹசீனா இன்னொன்றைப் போட்டார். இன்னொன்றை. ஊர் வேறு, பாஷை வேறு. நடந்தது ஒன்றுதான்.

"பொம்பளக் குரல்னு அதுகிட்ட இருக்கிறது இவ்வளவுதான். அப்புறம் குரல்திரை வந்திட்டிச்சு. அதுக்குப் பிந்தி ஒண்ணுமே இல்ல. அப்படின்னா அது என்னத்தக் கத்துக்கிட்டிருக்கும், நீயே சொல்லு."

ஜெசிந்தா கையை நீட்டி அந்தக் கடைசிப் பதிவை மறுபடி ஓடவிட்டாள்.

"இந்த மாதிரிக் குரல் நிறுத்துன்னு சொன்னா யாரும் நிறுத்த மாட்டாங்க. அது கட்டளை இல்ல, பக்கத்துச் சத்தம். யாரும் அதுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கல. நாம நடந்துக்கிட்டதப் பாத்து அதுவாக் கத்துக்கிட்டிச்சு."

"நான் இருந்தேனேக்கா! எத்தனை வருஷம்! நான் நிறுத்துன்னா அத்தனை பேரும் நிறுத்துனாங்களே. அது பதிவுல இல்லியா?"

"இருக்கு. சுறாதான? எனக்கே தெரியும். நாங்க அதுக்குப் போட்டுக் காமிச்ச நல்ல பதிவுங்கள்ல அதுவும் ஒண்ணு." ஹசீனா கணினியை மூடினார். "சொன்னது நீ. ஆனா அதுக்குக் கேட்டது ஆம்பளக் குரல். நீ நல்லா ஆடுனதெல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேந்திட்டிச்சு, ஜெசி."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜெசிந்தா வழியெல்லாம் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கி நேராகக் கிளாரா வீட்டுக்குப் போனாள். புரிகிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னாள். கிளாரா கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப அந்த ரீகன் பய மொதல்ல சொல்லியிருந்தா எங்க வீட்டுக்காரரு இருந்திருப்பாரு" என்றாள்.

"ஆமா சித்தி."

"நீ சொன்னதுனால போயிட்டாரு."

ஜெசிந்தா அதையும் ஆமாம் என்றாள். வேறென்ன சொல்ல முடியும்?

ஹசீனாவும் அவருடைய சங்கத்துப் பெண்களும் எல்லாவற்றையும் தொகுத்து முனையத்துக்கும் மேஸ்திரியைச் செய்தவர்களுக்கும் அனுப்பினார்கள். ஜெசிந்தா நினைத்ததைவிடச் சீக்கிரம் பதில் வந்தது. மறுக்கவில்லை. வருத்தம் தெரிவித்தார்கள். அவள் மீது இருந்த குற்றச்சாட்டை நீக்கினார்கள். செல்வினே போன் செய்து வரச் சொன்னார்.

"ஒன் பிரச்சனை தீந்துதும்மா. இனிமே வேலையிலயும் குரல்திரை போட்டுக்கிடலாம்னு விதிய மாத்திட்டாங்க. நீ பேசுறது மேஸ்திரிக்கும் யார்டுல உள்ளவங்களுக்கும் ஆம்பளக் குரலாத்தான் கேக்கும். சொன்ன ஒடனே நிக்கும்."

"மெஷின மாத்த மாட்டாங்களா சார்?"

"மாத்தணும்னா பொம்பளைங்க சொல்லி மத்தவங்க கேட்ட பதிவு வேணுமாம். அது எங்கயும் இல்லியாம். ஒலகம் பூரா ஓடுற மெஷின், நம்ம ஒருத்தருக்காக நிறுத்த முடியுமா?"

"அப்ப எங் குரலுக்கு என்ன கேடு வந்துட்டுன்னு நான் அத மறைக்கணும்?"

செல்வின் கோபப்படவில்லை. கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினார். "ஒண்ணும் கேடு இல்லம்மா. கீழ ஆள் நிக்கான் பாரு. நீ அத மட்டும் பாரு."

கீழே வேறொரு மஞ்சள் தொப்பி குனிந்து பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா வேலையில் சேர்ந்தாள். குரல்திரையைப் போட்டுக்கொண்டாள். அவள் நிறுத்து என்றதும் கிரேன் நின்றது. அன்றைக்கு அதைச் சரிபார்க்கிறேன் என்று பலமுறை சும்மாவே நிறுத்திப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் நின்றது. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த முறை பார்த்தபோது ஹசீனா சொன்னது இன்னும் மோசமாக இருந்தது. மேஸ்திரி வருடாவருடம் புதுப் பதிவுகளைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அதில் இப்போது வேலையிடங்களில் பேசுவதும் சேரும்.

"அப்ப நான் அங்க தினமும் சொல்லுதது?"

"அதுவும் அந்தப் பக்கம்தான் போகும்."

"நான் அங்க ஒருத்தன் உயிரக் காப்பாத்துனேன்னா, அதக் கேட்டு மெஷின் இன்னும் கொஞ்சம் செவிடாப் போகும். அப்படித்தான?"

ஹசீனா தலையை மட்டும் அசைத்தார்.

"இத மாத்த என்னக்கா வழி?"

"பொம்பளைங்க சொந்தக் குரல்ல ஆடணும். அவங்க சொல்றத நாலு பேரு கேக்கணும். அது பதிவாகணும். திரும்பத் திரும்ப."

"எவ்வளவு?"

"நம்ம ஆயுசுல முடியாது" என்றார் ஹசீனா. அவர் எதையும் பூசி மெழுகுகிற ஆளில்லை.

அப்படித்தான் 'சொந்தக் குரல்' தொடங்கியது. சங்கத்துக்காரர்கள் பழைய கணினிகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். செல்போன் பழுது பார்க்கிற ஒரு கடையின் மாடியில் அறை கிடைத்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெசிந்தா போய்க் கதவைத் திறப்பாள். கல்லூரிப் பெண்கள், மீன் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்கள், கல்யாணமாகிக் குழந்தையோடு வருகிற ஒருத்தி என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். குரல்திரையை அணைத்துவிட்டு ஆட வேண்டும். அணியில் ஒருத்தி நிறுத்து என்றால், தோற்கிற கட்டமாக இருந்தாலும் மற்ற நாலு பேரும் நிறுத்த வேண்டும். அது ஒன்றுதான் அங்கே கட்டாயம்.

பெரும்பாலும் தோற்றார்கள். எதிரணியில் இருப்பவர்களுக்கு இத்தனை வருடம் கழித்துப் பெண்குரல் கேட்டது திருவிழா மாதிரி இருந்தது. ஆட்டத்தை விட்டுவிட்டு ஏசுவதற்கென்றே வந்தார்கள். பழைய வசவுகள் அப்படியே இருந்தன. புதிதாகவும் நிறைய வந்திருந்தன. திரேஸ்புரத்திலிருந்து வந்த பெனிட்டா என்ற கல்லூரிப் பெண் மட்டும் பதிலுக்குப் பதில் கொடுப்பாள். அவள் அப்பா வல்லத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். கடலில் அடிபடுகிற பேச்சுக்களை எல்லாம் கேட்டு வளர்ந்தவள். மற்றவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினார்கள். ஆடி முடித்துவிட்டுச் சிலர் பேசாமல் படியிறங்கிப் போவார்கள். அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணின் அம்மா மாடிக்கு ஏறி வந்தார். பின்னால் நின்று சிறிது நேரம் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"ஒங்களுக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு? ஒரு பொத்தான அமுக்குனா தீந்துபோற சோலி. வயசுப் பிள்ளைகளக் கூட்டி வச்சு ஏச்சு வாங்க வைக்கிறீங்களே, எதுக்கு?"

ஜெசிந்தா அவரை வெளியே படிக்கட்டுக்குக் கூட்டிப் போனாள். லூர்துவைப் பற்றிச் சொன்னாள். மூன்று முறை நிறுத்து என்று கத்தியதைச் சொன்னாள்.

"இனி மெஷின்தான் எல்லாத்தையும் கேக்கப்போவுது. ஆஸ்பத்திரில, பஸ்ல, கரண்டு ஆபீஸ்ல. ஒங்க மவ ஒருநாள் எங்கயோ நின்னு நிறுத்துன்னு கத்துவா. அது நிக்கணும். எனக்கு வேற காரணம் இல்லக்கா. இந்தப் பிள்ளைக ஜெயிக்கணும்னுகூட இல்ல. இவ சொல்லி அவ நின்னான்னு எங்கயாவது ஒரு மூலையில பதிவாகிக் கிடக்கட்டும்."

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சொல்லுதது சரிதாம்மா. ரொம்பச் சரி. ஆனா எம் பிள்ள வேண்டாம்" என்றார். உள்ளே போய் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஜெசிந்தாவுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

அவர்கள் தங்கள் பதிவுகளை எல்லாம் யாரும் எடுத்துக் கேட்கும்படி இணையத்தில் போட்டு வைத்தார்கள். கேட்டால்தானே இயந்திரங்கள் கற்றுக்கொள்ளும். ஒன்றரை வருடம் இப்படிப் போனது. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது ஹசீனாவிடமிருந்து போன் வந்தது.

"நம்ம பதிவ எல்லாம் அவங்க கேட்டிருக்காங்க, ஜெசி. ஆட்டக் கம்பெனிக்காரங்க. ஒண்ணு விடாம."

"நல்லதுதானக்கா?"

"அறிக்கை விட்டிருக்காங்க. படிக்கிறேன் கேளு. 'சொந்தக் குரல் அமைப்பின் பதிவுகள் எங்களை உலுக்கின. பெண்கள் இன்னும் இவ்வளவு துன்பப்படுவதை அறிந்து வருந்துகிறோம். இனி எங்கள் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் பெண்குரல்களுக்குக் குரல்திரை தானாகவே இயங்கும். யாருடைய கவனக்குறைவாலும் அது அணைந்துவிடாதபடி, அணைக்கும் வசதியை நீக்கியிருக்கிறோம்.'" ஹசீனா நிறுத்தினார். "கடைசியில நமக்கு நன்றி சொல்லியிருக்காங்க."

சாலையில் நடந்துகொண்டிருந்த ஜெசிந்தா அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

அந்த ஞாயிறு நாலு பேர் வந்தார்கள். ஆடிப் பார்த்தார்கள். எல்லார் குரலும் ஆண்குரலாகத்தான் போனது. யாரும் ஏசவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு ஜெயித்தார்கள். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்க்காமல் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள். ஹசீனா இன்னும் சில இடங்களுக்கு எழுதிப் பார்த்தார். பிறகு மகள் வீட்டோடு இருக்கப் போகிறேன் என்று சென்னைக்குப் போய்விட்டார். போகும்போது, "நீ இத விட்டிருவியா?" என்று கேட்டார்.

"தெரியலக்கா" என்றாள் ஜெசிந்தா.

விடவில்லை. ஞாயிறுதோறும் கதவைத் திறந்தாள். பெனிட்டா மட்டும் வந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருவரோடு ஒருவர் ஆடினார்கள்.

"இது எங்கயும் பதிவாகாதுலாக்கா?"

"ஆகாது."

"பின்ன என்னத்துக்கு ஆடுதோம்?"

"ஒனக்கு ஒங் குரல் மறந்துரக் கூடாதுல்லா" என்றாள் ஜெசிந்தா. சொல்லும்போதே அது போதாத பதில் என்று அவளுக்குத் தெரிந்தது.

பெனிட்டா படிப்பை முடித்ததும் அதே முனையத்துக்கு விண்ணப்பித்தாள். மற்ற நாட்களில் அவள் வீட்டிலிருந்து இணையத்தில் ஆடிய பதிவுகள் நன்றாக இருந்தன. குரல்திரை கட்டாயமான பிறகு வந்த கடைசிக் கொஞ்ச மாதப் பதிவுகளை மட்டும்தான் பார்த்தார்கள். ஜெசிந்தாவுக்குப் பக்கத்து நாற்காலியைக் கொடுத்தார்கள். ரீகன் பதவி உயர்வு கிடைத்துக் கொச்சிக்குப் போயிருந்தான். இப்போது கண்ட்ரோல் ரூமில் பெண்களுக்கான ஹெட்செட்டுகள் குரல்திரையோடுதான் வந்தன. அதைத் தனியாகப் போட வேண்டியதுகூட இல்லை.

வேலைக்கு வந்த இரண்டாவது வாரம், வெயில் ஏறிய ஒரு முற்பகலில், பெனிட்டா திடீரென்று நாற்காலியிலிருந்து எழுந்தாள். "நிறுத்து!" என்று கத்தினாள். கிரேன் நின்றது. பெட்டி ஒரு மனிதனின் தோளுக்கு ஒரு முழத்துக்கு மேலே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஜெசிந்தா அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். லூர்து உயிர் விட்ட அதே யார்டு. இன்றைக்கு நின்றுவிட்டது. ஜெசிந்தாவுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடு, இதுவும் அந்தப் பக்கம்தான் போகும் என்ற நினைப்பும் வந்தது.

மறுநாள் தேநீர் இடைவேளையில் கதவைத் தட்டிக்கொண்டு அந்த மனிதர் வந்தார். இசக்கிமுத்து என்று பெயர். நாற்பது வயதிருக்கும். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் ஒரு மக்ரூன் பெட்டியோடு தயங்கித் தயங்கி உள்ளே பார்த்தார்.

"மேடம், நேத்து என்னயக் காப்பாத்துன தம்பி எங்க? ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஜெசிந்தா பெனிட்டாவைக் காட்டினாள். "இவதாண்ணே. பெனிட்டா."

இசக்கிமுத்து பெனிட்டாவைப் பார்த்தார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்துச் சிரித்தார். "வெளாடாதீங்க மேடம். உயிரு போயித் திரும்புன குரலு. எனக்கு அது மறக்குமா? நல்ல கணீர்னு ஒரு ஆம்பளப் பிள்ள."

"நாந்தாண்ணே" என்றாள் பெனிட்டா. "நாந்தான் நிறுத்துன்னு சொன்னேன்."

அவள் தன் குரலில்தான் சொன்னாள். அதைக் கேட்டதும் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. கேலி செய்கிறார்கள் என்று நினைத்தாரோ, பெரிய மனுசங்க அறைக்கு ஏறி வந்தது தப்போ என்று தோன்றியதோ, சிரிப்பு குறைந்தது. பெட்டியை மேசை ஓரத்தில் வைத்தார்.

"ஷிப்ட் மாறிப் போயிருக்கும்போல. தம்பி வந்தா கொடுத்துருங்கம்மா. இசக்கிமுத்து கொடுத்தான்னு சொல்லுங்க. எங்க வீட்ல ரெண்டும் பொட்டப் பிள்ளைக. அதுக ரெண்டும் பேர் கேட்டுட்டு வரச் சொல்லிச்சு. சாமிகிட்ட வேண்டிக்கிடுமாம்."

பெனிட்டா வாயைத் திறந்தாள். அவர் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

இடைவேளை முடிந்து மணி அடித்தது. இரண்டு பேரும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்கள். யார்டிலிருந்து ஒவ்வொருவராகத் தயார் என்று சொன்னார்கள். பெனிட்டா வழக்கம்போல, "மூணாம் கிரேன், வேலை ஆரம்பிக்கலாம்" என்றாள்.

அடுத்த நொடி கீழேயிருந்து இசக்கிமுத்துவின் குரல் சந்தோஷத்தில் தெறித்துக்கொண்டு வந்தது.

"தம்பி! வந்துட்டியாப்பா! ஒன்னயத் தேடி இப்பதாம்லா மேல வந்தேன். அங்க ரெண்டு பொம்பளப் பிள்ளைகதான் இருந்துச்சு. மேசையில மக்ரூன் வச்சிருக்கேன், எடுத்துக்கிட்டியா?"

பெனிட்டா ஜெசிந்தாவைப் பார்த்தாள். திரையில் அந்த மஞ்சள் தொப்பி கண்ட்ரோல் ரூம் ஜன்னலைப் பார்த்து அண்ணாந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தது. மேலே அடுத்த பெட்டி வந்து காத்திருந்தது.

பெனிட்டா மைக்கைச் சரிசெய்துகொண்டாள்.

"எடுத்துக்கிட்டேண்ணே" என்றாள். கீழே அது கணீரென்ற ஆண்குரலாக இறங்கியது. "நல்லா இருக்கு. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் உடனே தள்ளி நின்றார். மேசை ஓரத்தில் இருந்த மக்ரூன் பெட்டியை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.